வாட் எண் மட்டும் போதாது: ஆகன் நகரத்து இணையக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகளும் சந்திக்கும் இடத்தை ஒட்டி இருக்கிறது ஆகன் நகரம். அங்கிருந்து காபி இயந்திரங்களுக்கு உதிரி பாகங்கள் விற்கும் சிறிய இணையக் கடை ஒன்று, வணிக வாடிக்கையாளர்களின் ஆர்டர்களில் வாட் எனப்படும் மதிப்புக் கூட்டு வரியை எப்படிக் கையாண்டது, எங்கெங்கே சட்டத்திலிருந்து விலகியது, பின்னர் அது எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதை இந்த ஆய்வு பதிவுசெய்கிறது. திருத்தப் பணிக்காக அழைக்கப்பட்ட மென்பொருளாளன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கடையின் பெயரும் வாடிக்கையாளர்களின் விவரங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன; தொகைகள் சரிபார்க்க எளிதாக இருக்கும்படி முழு எண்களாக மாற்றப்பட்டுள்ளன.

பின்னணி

தொடக்கத்தில் கடை தனிநபர்களுக்கு மட்டுமே விற்று வந்தது. ரப்பர் வளையம், பம்பு, தெர்மோஸ்டாட், வால்வு போன்ற பொருள்களுக்கு 19 சதவீத ஜெர்மன் வாட் சேர்த்த விலை பக்கத்தில் போடப்பட்டிருந்தது. 2021 ஜூலை 1 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தின் பிற உறுப்பு நாடுகளிலுள்ள தனிநபர்களுக்கு விற்கும் தொகை ஆண்டுக்கு 10,000 யூரோவைத் தாண்டினால் வாங்குபவரின் நாட்டு விகிதத்தில் வரி வசூலிக்க வேண்டும் என்ற விதி வந்தபோது, கடை அந்த வரிகளை எல்லாம் சொந்த நாட்டிலேயே ஒரே கணக்காகக் கட்ட உதவும் ஓ.எஸ்.எஸ். என்ற ஒற்றைச் சாளர முறையில் பதிந்துகொண்டது. பெல்ஜியம், நெதர்லாந்து வாடிக்கையாளருக்கு 21 சதவீதம், பிரான்ஸ் வாடிக்கையாளருக்கு 20 சதவீதம் என்று மென்பொருளும் ஒழுங்காகவே கணக்கிட்டு வந்தது. இந்தப் பகுதியில் குறை எதுவும் இல்லை.

பிறகு கஃபே உரிமையாளர்களும் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களும் எல்லைக்கு அப்பாலிருந்து வாங்கத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் கேட்டது, வரி இல்லாத இன்வாய்ஸ். அதற்காகக் கடை ஒரு இணைப்பு மென்பொருளை வாங்கி நிறுவியது. செக்அவுட் பக்கத்தில் வாட் எண்ணுக்கு, அதாவது வாட் பதிவு பெற்ற வணிகருக்கு அவர் நாட்டில் தரப்படும் எண்ணுக்கு, ஒரு கட்டம் வந்தது. எண்ணைப் போட்டால் வரி பூஜ்யமாகும். ஜெர்மன் எண்ணைப் போட்டால் மட்டும் வரி அப்படியே நிற்கும். உள்நாட்டு வணிகர்களுக்கிடையே வரி வசூலித்தே ஆக வேண்டும் என்பதால் அது சரியான ஏற்பாடுதான். இந்த நிலையில் சில ஆண்டுகள் கடை ஓடியது. உள்ளூர் வரி அலுவலகம் வாட் சிறப்புத் தணிக்கை செய்யப்போவதாக அறிவித்த பிறகு, கடையின் வரி ஆலோசகர் பூஜ்ய வரி இன்வாய்ஸ்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார். அவற்றுள் பலவற்றுக்கு ஏன் வரி போடவில்லை என்பதற்கு இன்வாய்ஸிலோ ஆர்டர் பதிவிலோ எந்த விளக்கமும் இல்லை. ஒரு வாட் எண் இருந்தது, அவ்வளவுதான்.

சட்டம் கேட்பது என்ன

ஐரோப்பிய ஒன்றியத்தின் வாட் சட்டத்துக்கு அடிப்படை 2006/112 என்ற உத்தரவு. அதன் 138ஆம் விதிப்படி, ஒரு உறுப்பு நாட்டிலிருந்து இன்னொரு உறுப்பு நாட்டுக்கு அனுப்பப்படும் சரக்குக்கு, வாங்குபவர் வணிகராக இருந்தால், விற்பவரின் நாட்டில் வரிவிலக்கு உண்டு. இதற்கு முதல் நிபந்தனை, சரக்கு உண்மையாகவே நாட்டின் எல்லையைத் தாண்ட வேண்டும் என்பது. அடுத்து, சரக்கு புறப்படும் நாடு அல்லாத வேறொரு உறுப்பு நாட்டில் வாங்குபவர் வாட் பதிவு பெற்றிருப்பதோடு, அந்த எண்ணை விற்பவரிடம் தெரிவித்திருக்கவும் வேண்டும். இவற்றோடு, விற்பவர் அந்த விற்பனையைத் தன் நாட்டு வரித்துறைக்குக் கொடுக்கும் தொகுப்பறிக்கையில் சரியாகக் காட்ட வேண்டும். ஜெர்மனியில் இந்த அறிக்கை அடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் கூட்டாட்சி மத்திய வரி அலுவலகத்துக்குப் போகிறது.

இந்தியாவின் ஜி.எஸ்.டி.யில் பழகிய மென்பொருளாளர்கள் இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு விற்பவர் ஐ.ஜி.எஸ்.டி. வசூலிக்கிறார், வாங்குபவர் அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்கிறார். ஐரோப்பாவில் எல்லை தாண்டும் வணிக விற்பனையில் விற்பவர் வரியைத் தொடுவதே இல்லை. வாங்குபவர் தன் நாட்டு விகிதத்தில் தானே கணக்கிட்டு, அதே படிவத்தில் கழித்தும் கொள்கிறார். ஆகவே விலக்கு செல்லாது என்று பின்னர் முடிவானால், வசூலிக்காத வரியை விற்பவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டிவரும்.

வாட் எண்ணின் சட்ட நிலை காலப்போக்கில் மாறியதையும் இங்கே சொல்ல வேண்டும். ஐரோப்பிய நீதிமன்றம் பல ஆண்டுகள், எண் என்பது ஒரு முறைசார்ந்த தேவை மட்டுமே, சரக்கு எல்லை தாண்டியதும் வாங்குபவர் வணிகர் என்பதும் உறுதியானால் எண் இல்லை என்பதற்காகவே விலக்கை மறுக்க முடியாது என்று சொல்லி வந்தது. 2012ஆம் ஆண்டின் வி.எஸ்.டி.ஆர். வழக்கும், 2017 பிப்ரவரி 9 அன்று தீர்ப்பான யூரோ டயர் வழக்கும் இந்த வரிசையில் வருபவை. யூரோ டயர் வழக்கில் போர்ச்சுகலிலிருந்து டயர் வாங்கிய ஸ்பானிய நிறுவனம் ஸ்பெயினில் வரிப் பதிவு பெற்றிருந்தாலும், ஒன்றியத்துக்குள்ளான வணிகத்துக்குரிய பதிவேட்டில் அப்போது இடம்பெறவில்லை. அந்தக் காரணம் மட்டும் போதாது என்றது நீதிமன்றம். ஆனால் 2018/1910 என்ற திருத்த உத்தரவு 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது எண் கட்டாய நிபந்தனையாக உயர்ந்தது, தொகுப்பறிக்கையும் அப்படியே. இணைப்பு மென்பொருளின் விளக்கக் கையேடு 2020க்கு முந்தைய நிலையையே சொல்லிக்கொண்டிருந்தது. எண் விஷயத்தில் சற்றுத் தளர்வாக இருந்தாலும் பின்னர் ஆதாரம் காட்டிச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் கடைக்காரருக்கு வந்தது அதனால்தான்.

ஒரு ஆர்டரை அருகில் வைத்துப் பார்த்தால்

பெல்ஜியத்தின் கிழக்குப் பகுதியில் இருக்கும் பழுதுபார்ப்பவர் ஒருவர் வரி சேராத நிகர விலையாக 1,200 யூரோவுக்குப் பம்புகளும் கொதிகலன் உறுப்புகளும் ஆர்டர் செய்திருந்தார். பில்லிங் முகவரி பெல்ஜியத்தில். வாட் எண் பெல்ஜிய எண், செல்லுபடியாகும் எண். டெலிவரி முகவரி மட்டும் ஆகன் நகரத்தில் உள்ள ஒரு கஃபே. அவர் அங்கேதான் இயந்திரத்தைப் பிரித்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். மென்பொருள் பில்லிங் நாட்டையும் எண்ணையும் பார்த்தது, வரியைப் பூஜ்யமாக்கியது. சரக்கு நகரத்துக்குள்ளேயே ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போனது.

சட்டப்படி இது ஜெர்மனிக்குள் நடந்த விற்பனை. 228 யூரோ சேர்த்து 1,428 யூரோ வசூலித்திருக்க வேண்டும். வாங்கியவர் நேர்மையானவர், எண் உண்மையானது, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இருந்தும் விலக்கு கிடையாது. வாடிக்கையாளரிடமிருந்து வரியைத் திரும்பக் கேட்டு வாங்க முடியாத நிலையில், பெற்ற 1,200 யூரோவே வரி உள்ளடங்கிய தொகை என்று கொள்ளப்படும். அதில் 119க்கு 19 பங்கு, அதாவது 191 யூரோ 60 சென்ட், அரசுக்குப் போகும். உதிரி பாக வணிகத்தில் ஒரு ஆர்டரின் லாபம் இந்தத் தொகையைத் தொடுவதே அரிது.

வரி ஆலோசகரும் கடைக்காரரும் இந்த ஆர்டரை வைத்து நெடுநேரம் பேசினார்கள். "ஐயா, அந்த எண்ணை நான் மறுபடியும் சரிபார்த்துவிட்டேன், அது செல்லும்" என்று கடைக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். எண் செல்லுமா என்பது அங்கே கேள்வியே இல்லை. சரக்கு எங்கிருந்து எங்கே போனது என்பதே கேள்வி. இந்த ஆய்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதுதான்: வரிவிலக்கு வாடிக்கையாளருக்கு ஒட்டிவைத்த அடையாளம் கிடையாது, ஒவ்வொரு விற்பனைக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டிய முடிவு. கடை மென்பொருள்களில் பெரும்பாலும் "வரிவிலக்கு பெற்றவர்" என்ற குறியை வாடிக்கையாளர் கணக்கிலேயே வைக்கிறார்கள். பிழையின் வேர் அங்கே இருக்கிறது.

இதே குறியின் மறுபக்கமும் கிடைத்தது. லீஜ் நகரத்து நிறுவனம் ஒன்று, மாஸ்ட்ரிக்ட்டில் உள்ள தன் வாடிக்கையாளரின் இடத்துக்கு நேரே அனுப்பச் சொல்லியிருந்தது. பெல்ஜிய எண், நெதர்லாந்து டெலிவரி. டெலிவரி ஜெர்மனிக்கு வெளியே என்பதால் இங்கே மென்பொருள் டெலிவரி நாட்டையும் பார்த்தது; எண்ணின் நாடும் அதுவும் பொருந்தவில்லை என்று எண்ணை நிராகரித்து, அந்த நிறுவனத்தைத் தனிநபராகக் கருதி 21 சதவீத நெதர்லாந்து வரி போட்டு, ஓ.எஸ்.எஸ். கணக்கிலும் சேர்த்துவிட்டது. உத்தரவு கேட்பதோ சரக்கு புறப்படும் நாடு அல்லாத எந்த உறுப்பு நாட்டின் எண்ணாயினும் சரி என்பதே. பெல்ஜிய எண்ணைப் பயன்படுத்தியதால் வாங்குபவருக்குத் தன் பக்கத்தில் சில கடமைகள் வரும். அதற்காக ஆகன் கடை விலக்கை மறுக்க வேண்டியதில்லை.

எண் சரிபார்ப்பு

எண் மட்டும் போதாது என்பதற்காக, எண்ணை எப்படியும் விட்டுவிடலாம் என்று ஆகாது. கடையின் அடுத்த பெரிய சிக்கல் இங்கேதான் இருந்தது.

ஐரோப்பிய ஆணையம் நடத்தும் வீஸ் என்ற சேவையில் வாட் எண்களைச் சரிபார்க்கலாம். பலர் நினைப்பதுபோல அது ஒரு பொதுத் தரவுத்தளம் அன்று. கேள்வியை வாங்கி, அந்தந்த உறுப்பு நாட்டின் தரவுத்தளத்திடம் கேட்டுப் பதிலைத் திருப்பித் தரும் இடைச் சேவை. ஆகவே பெல்ஜியத்தின் கணினி பதில் தராத நேரத்தில் பெல்ஜிய எண் செல்லுமா செல்லாதா என்று வீஸால் சொல்ல முடியாது. உறுப்பு நாட்டின் சேவை கிடைக்கவில்லை என்றோ, ஒரே நேரத்தில் கேள்விகள் அதிகம் என்றோ, நேரம் கடந்துவிட்டது என்றோ ஒரு பிழைக் குறியைத் தரும். சில நாடுகளின் சேவை இரவு நேரப் பராமரிப்புக்காக நிற்பதும் உண்டு. கஃபே நடத்துபவர்கள் கடையைச் சாத்திய பிறகு இரவில்தான் ஆர்டர் போடுகிறார்கள்.

இணைப்பு மென்பொருளின் நிரலைத் திறந்து பார்த்தபோது, பதில் தெளிவாகச் "செல்லாது" என்று வந்தால் மட்டுமே வரி போடும்படி எழுதப்பட்டிருந்தது. மற்ற எல்லா நிலைகளும், பிழைக் குறிகளும், பதிலே வராத நிலையும், "செல்லும்" என்ற ஒரே வழியில் போய்ச் சேர்ந்தன. விற்பனை தடைபடக் கூடாது என்ற நோக்கத்தில் எழுதியிருப்பார்கள் என்று புரிகிறது. ஆனால் சேவை கிடைக்காத நேரத்தில் பன்னிரண்டு இலக்கங்களை யார் தட்டினாலும் வரி நீங்கிவிடும் நிலை அது. இதற்கு நேர்மாறாக, பதில் வராவிட்டால் செல்லாது என்று எடுத்துக்கொண்டால், நேற்றுவரை வரியில்லாமல் வாங்கிய வாடிக்கையாளர் இன்று திடீரென்று 21 சதவீதம் கட்டச் சொல்லப்படுவார். அவர் ஆர்டரை விட்டுவிட்டுப் போய்விடுவார். எனவே செல்லும், செல்லாது, தெரியவில்லை என்ற மூன்று நிலைகளையும் மூன்றாகவே நடத்துவது என்று முடிவுசெய்தோம்.

தெரியவில்லை என்ற நிலையில், அண்மையில் உறுதிசெய்யப்பட்ட பழைய வாடிக்கையாளரானால் ஆர்டரை வரியின்றி ஏற்று, மறு உறுதி கிடைக்கும்வரை சரக்கை அனுப்பாமல் நிறுத்திவைப்பது. புதிய வாடிக்கையாளரானால் வரியோடு பணத்தைப் பெற்று, அனுப்பும் முன் உறுதி கிடைத்தால் வரித் தொகையைத் தானாகத் திருப்புவது. இது இயங்க வேண்டுமானால் இன்வாய்ஸ் ஆர்டரின்போது உருவாகக் கூடாது, அனுப்பும்போதுதான் உருவாக வேண்டும். ஜெர்மன் சட்டப்படி இன்வாய்ஸில் தவறாக வரியைக் காட்டினாலும், இன்வாய்ஸைத் திருத்தும்வரை அந்த வரியைக் கட்டும் கடமை வந்துவிடும். ஆகவே ஆர்டரின்போது ஒரு உறுதிப்படுத்தல் மட்டும், சரக்கு கிளம்பும்போது இன்வாய்ஸ் என்று வரிசை மாற்றப்பட்டது. எல்லா மாற்றங்களிலும் கடைப் பணியாளர்களுக்கு அதிகம் பழகவேண்டியிருந்தது இதுதான். பார்சலோடு இன்வாய்ஸை முன்கூட்டியே அச்சிட்டு வைப்பது அவர்களின் வழக்கம்.

எண் செல்லும் என்ற பதில் வந்தாலும், அது யாருடைய எண் என்ற கேள்வி மீதம் இருக்கிறது. நிறுவனங்களின் வாட் எண்கள் அவற்றின் இணையதளங்களிலேயே வெளிப்படையாக இருக்கின்றன. ஒரு தனிநபர் ஏதாவது ஒரு நிறுவனத்தின் எண்ணைப் பார்த்து எழுதிப் போட்டால், வீஸ் செல்லும் என்றே சொல்லும். கடையின் பழைய ஆர்டர்களில் பெயரும் எண்ணும் சற்றும் பொருந்தாத சில இருந்தன. ஜெர்மன் விற்பனையாளர்களுக்கு இதற்கு நல்ல வழி உண்டு. மத்திய வரி அலுவலகத்திடம் பிற நாட்டு எண்ணோடு நிறுவனப் பெயர், ஊர், அஞ்சல் குறியீடு, தெரு ஆகியவற்றையும் கொடுத்துக் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு எழுத்தில் பதில் வரும்: ஏ என்றால் பொருந்துகிறது, பி என்றால் பொருந்தவில்லை, சி என்றால் கேட்கப்படவில்லை, டி என்றால் அந்த உறுப்பு நாடு தெரிவிப்பதில்லை. இந்த விரிவான உறுதிப்பாட்டைப் பெற்று வைத்திருக்கும் விற்பனையாளர், கவனமுள்ள வணிகரின் பொறுப்போடு நடந்துகொண்டார் என்று காட்ட முடியும். பின்னர் வாங்கியவர் தந்த தகவல் பொய் என்று தெரியவந்தாலும், அந்த வரியை வாங்கியவரிடமிருந்து வசூலிக்க ஜெர்மன் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பெயரில் பி வந்தால் உடனே நிராகரிப்பது சரியாக இருக்காது என்பதையும் விரைவில் கண்டோம். கஃபேயின் பலகைப் பெயர் ஒன்று, பதிவுப் பெயர் வேறொன்று. ஊரின் பெயர் பிரெஞ்சில் ஒரு விதம், டச்சில் இன்னொரு விதம். பெயரும் ஊரும் இரண்டுமே பொருந்தாதபோது ஒரு பணியாளர் பார்த்து முடிவெடுப்பது, ஒன்று மட்டும் பொருந்தாதபோது பதிவு பெற்ற பெயரை வாடிக்கையாளரிடம் கேட்டு மறுபடி அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம்.

நாட்டுக்கு நாடு எண்ணின் அமைப்பு மாறுவதால் வந்த சிக்கல்கள் தனிக் கதை. கிரேக்க எண்ணின் முன்னொட்டு நாட்டின் வழக்கமான இரண்டெழுத்துக் குறியீடு அன்று, அது இ.எல். என்று தொடங்கும். பெல்ஜிய எண்கள் முன்பு பூஜ்யத்தில் மட்டுமே தொடங்கின, இப்போது ஒன்றிலும் தொடங்குகின்றன. மென்பொருளின் வடிவச் சோதனைக்கு அது தெரியாததால் புதிதாகத் தொடங்கிய பெல்ஜிய நிறுவனங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் உள்நாட்டு வரி எண் இருந்தாலே வீஸில் இருப்பார்கள் என்பதில்லை, எல்லை தாண்டிய வணிகத்துக்குத் தனியே சேர்ந்துகொள்ள வேண்டும். யூரோ டயர் வழக்கில் தோன்றிய சிக்கலே இது. அப்படிப்பட்ட வாடிக்கையாளரிடம் "உங்கள் எண் தவறு" என்று சொல்வது பொய்யாகும். "இந்த எண் ஒன்றியத்துக்குள்ளான வணிகப் பதிவில் இல்லை, உங்கள் வரித்துறையிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற செய்தியைச் செக்அவுட் பக்கத்தில் எழுதி வைத்தோம். அதன்பின் ஒரு ஸ்பானிய வாடிக்கையாளர் அந்தச் செய்தியைத் தன் கணக்கரிடம் காட்டிப் பதிவை முடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

நெதர்லாந்தில் தனியாள் தொழில் செய்பவர்களுக்கு 2020 ஜனவரி 1 முதல் புதிய வாட் எண்கள் தரப்பட்டன. அதற்கு முன் அவர்களின் எண்ணுக்குள் அவர்களுடைய குடிமக்கள் சேவை எண்ணே இருந்தது, தனிநபர் தகவல் பாதுகாப்புக்காக அது மாற்றப்பட்டது. கடையின் வாடிக்கையாளர் கணக்குகளில் பழைய எண்கள் அப்படியே கிடந்தன. ஒருமுறை சரிபார்த்தால் நிரந்தரமாகச் "செல்லும்" என்று குறித்துக்கொள்ளும் மென்பொருள் அவற்றை மறுபடி பார்க்கவே இல்லை. இப்போது ஒவ்வொரு ஆர்டரிலும் ஒருமுறையும், சரக்கை அனுப்பும் முன் மறுமுறையும் எண் சரிபார்க்கப்படுகிறது.

நேரில் வந்து வாங்குபவர்கள்

எனக்கு மிகக் கடினமாகத் தோன்றிய பகுதி இது. எல்லையோரக் கடை என்பதால், இணையத்தில் ஆர்டர் செய்துவிட்டுத் தானே காரில் வந்து எடுத்துக்கொண்டு போகும் வெளிநாட்டு வணிகர்கள் நிறைய. சரக்கு பெல்ஜியத்துக்குப் போகிறது என்பதில் அவர்களுக்கோ கடைக்காரருக்கோ ஐயமில்லை. ஆனால் கடையிடம் அதற்கு ஆதாரம் இல்லை. கூரியரில் அனுப்பினால் அனுப்பும் ஆர்டரும், சரக்கு போய்ச் சேரும்வரையிலான தொடர் கண்காணிப்புப் பதிவும் ஜெர்மன் விதிகளின்படி ஆதாரமாகும். வாங்குபவரே எடுத்துச்சென்றால், சரக்கு எந்த மாதத்தில் எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அவர் எழுதிக் கையொப்பமிட்ட வந்தடைவு உறுதிச்சான்று வேண்டும். அந்தச் சான்று இயல்பாகவே சரக்கு போன பிறகுதான் வரும், பலரிடமிருந்து வருவதே இல்லை.

நேரில் எடுப்பவர் எல்லோருக்கும் 19 சதவீதம் போட்டுவிடலாம், அவர்கள் 2008/9 உத்தரவுப்படி தங்கள் நாட்டு இணையவாசல் வழியாக ஜெர்மன் வரியைத் திரும்பக் கேட்டுக்கொள்வார்கள் என்பது முதலில் எழுந்த யோசனை. அது கவர்ச்சியான யோசனை. கடைக்கு எந்த அபாயமும் இல்லை. ஆனால் அதே உத்தரவு, 138ஆம் விதிப்படி விலக்குப் பெறக்கூடிய விற்பனைக்குப் போடப்பட்ட வரியைத் திரும்பத் தருவதை வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. பம்பைக் காரில் வைத்துப் பெல்ஜியத்துக்கு எடுத்துச்சென்றவருக்கு அந்த வழியில் பணம் கிடைக்காது. கடை தன் அபாயத்தை வாடிக்கையாளரின் தலையில் கட்டிவிட்டதாகவே முடியும். இதை நான் ஏற்க மறுத்தேன், வரி ஆலோசகரும் அதையே சொன்னார்.

எனவே நேரில் எடுப்பவரிடம் வரிக்குச் சமமான தொகையை வைப்பாகப் பெறுவது என்று ஏற்பாடானது. 1,200 யூரோ ஆர்டருக்கு 228 யூரோ. சான்றுப் படிவம் முன்கூட்டியே நிரப்பப்பட்டு மின்னஞ்சலில் போகிறது. வாடிக்கையாளர் ஊரையும் மாதத்தையும் உறுதிசெய்து திருப்பி அனுப்பினால் வைப்பு அவர் கணக்குக்குத் திரும்புகிறது. ஜெர்மன் நடைமுறையில் இந்தச் சான்றை மின்னணு வழியில் அனுப்பும்போது, அது வாங்குபவரின் பொறுப்பிலிருந்து வந்தது என்று தெரிந்தால் கையொப்பம் தேவைப்படாது என்பது பெரிய வசதி. குறித்த காலத்துக்குள் சான்று வராவிட்டால் வைப்பு வரியாக மாறுகிறது, அதற்குரிய இன்வாய்ஸ் போகிறது.

முன்பு சொன்ன பழுதுபார்ப்பவரின் நிலை வேறு. அவர் வாங்கிய பம்பு ஜெர்மனியிலேயே பொருத்தப்பட்டது. அவருக்கு 19 சதவீத வரி போட்டால் அது சரியாகப் போடப்பட்ட உள்நாட்டு வரி. ஜெர்மனியில் வாட் பதிவு இல்லாத பெல்ஜிய வணிகர் அதை அடுத்த ஆண்டு செப்டம்பர் 30க்குள் பெல்ஜிய இணையவாசல் வழியாகத் திரும்பக் கேட்கலாம். இந்த இரண்டு நிலைகளையும் ஆர்டரின்போதே பிரித்துக் காட்டுவதற்காக, ஜெர்மன் டெலிவரி முகவரியைத் தேர்ந்தெடுக்கும் வெளிநாட்டு வணிகருக்கு ஏன் வரி வருகிறது, எப்படித் திரும்பப் பெறலாம் என்று செக்அவுட் பக்கத்திலேயே இரண்டு வாக்கியங்கள் வருகின்றன.

மற்ற திருத்தங்கள்

அனுப்புக் கட்டணத்துக்கு மென்பொருள் எப்போதும் 19 சதவீதம் போட்டு வந்தது. சரக்கு விலக்குப் பெற்றால் அதோடு சேர்ந்த அனுப்புக் கட்டணமும் விலக்குப் பெறும். சரக்கு இன்வாய்ஸ்களில் ரிவர்ஸ் சார்ஜ், அதாவது வரியைக் கட்டும் கடமை வாங்குபவருடையது, என்ற குறிப்பு இருந்தது. அது பழுதுபார்ப்புக் கையேடுகளின் மின்பதிப்பு, பயிற்சிக் காணொளி ஆகிய சேவைகளுக்கு, அதாவது 2006/112 உத்தரவின் 44, 196 ஆகிய விதிகளுக்கு உரியது. சரக்குக்கு வரிவிலக்குப் பெற்ற ஒன்றியத்துக்குள்ளான விநியோகம் என்ற குறிப்பு வேண்டும், தொகுப்பறிக்கையிலும் இரண்டும் தனித்தனியாகப் போக வேண்டும். கேனரி தீவுகளுக்கு ஸ்பானிய எண்ணோடு வந்த ஆர்டர் ஏற்றுமதியாகக் கருதப்பட வேண்டும், ஏனெனில் அந்தத் தீவுகள் ஒன்றியத்தின் வாட் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. பிரிட்டிஷ் எண்கள் 2021 முதல் வீஸில் இல்லை; வட அயர்லாந்தின் எண்கள் மட்டும் எக்ஸ்.ஐ. என்ற முன்னொட்டோடு சரக்கு விற்பனைக்குச் செல்லும்.

விலையைப் பற்றியும் ஒரு முடிவு தேவைப்பட்டது. 119 யூரோ என்று போட்டிருக்கும் பொருளை ஜெர்மன் தனிநபரும் பெல்ஜியத் தனிநபரும் 119க்கே வாங்குகிறார்கள். பெல்ஜியத்தின் 21 சதவீதத்தைக் கழித்தால் கடைக்கு 98 யூரோ 35 சென்ட் நிற்கிறது, ஜெர்மனியின் 19 சதவீதத்தைக் கழித்தால் 100. பெல்ஜிய வணிகருக்கு எது நிகர விலை? மென்பொருள் சில வேளை ஒன்றையும் சில வேளை மற்றொன்றையும் காட்டியது, முகவரி முதலில் வந்ததா எண் முதலில் வந்ததா என்பதைப் பொறுத்து. எல்லா வணிகர்களுக்கும் 100 என்று ஒரே நிகர விலை வைக்கப்பட்டது. இதில் சட்டப் பிரச்சினை இல்லை, நம்பிக்கைப் பிரச்சினை மட்டுமே.

இப்போது ஒவ்வொரு இன்வாய்ஸோடும் ஒரு முடிவுப் பதிவு சேமிக்கப்படுகிறது: சரக்கு புறப்பட்ட நாடு, போய்ச் சேர்ந்த நாடு, வாட் எண், சரிபார்த்த நேரம், வந்த பதில், பெயர் முகவரிப் பொருத்தத்தின் எழுத்துகள், அனுப்பியதற்கான ஆதாரம், எந்த விதியின்படி முடிவெடுக்கப்பட்டது என்பது. ஜெர்மனியில் இன்வாய்ஸ்களை 8 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இந்தப் பதிவும் அதே காலம் இருக்கும். வாடிக்கையாளர் கணக்கிலிருந்த "வரிவிலக்கு பெற்றவர்" குறி முழுவதுமாக நீக்கப்பட்டது.

பழைய கணக்கு

திருத்திய மென்பொருள் இனிவரும் ஆர்டர்களுக்கே உதவும். பழைய இன்வாய்ஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். விநியோகத்தின்போது செல்லுபடியாக இருந்த எண்ணை வாங்குபவர் பின்னர் தெரிவித்தாலும் ஜெர்மன் நிர்வாகம் அதைப் பின்னோக்கி ஏற்றுக்கொள்கிறது என்பதால், பழைய நெதர்லாந்து எண்ணோடு வாங்கியவர்களிடம் புதிய எண்ணைக் கேட்டு வாங்கி, இன்வாய்ஸையும் தொகுப்பறிக்கையையும் திருத்த முடிந்தது. மாஸ்ட்ரிக்ட் ஆர்டரில் வரித் தொகை திருப்பப்பட்டு ஓ.எஸ்.எஸ். கணக்கில் சரிக்கட்டப்பட்டது. ஆகனுக்குள்ளேயே டெலிவரி செய்த ஆர்டர்களுக்குத் திருத்திய இன்வாய்ஸ் அனுப்பப்பட்டது. நீண்டகால வாடிக்கையாளர்கள் வரியைக் கட்டிவிட்டு, திரும்பப் பெற விண்ணப்பித்துக்கொண்டார்கள். பதில் தராதவர்களின் வரியைக் கடை ஏற்றுக்கொண்டது. இவை எல்லாம் தணிக்கையாளர் வருவதற்கு முன்பே திருத்த அறிக்கைகளாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. அவர் வந்தபோது கேட்டது பெரும்பாலும் நேரில் எடுத்த ஆர்டர்களின் சான்றுகளைத்தான்.

2025 மார்ச் 11 அன்று ஏற்கப்பட்ட டிஜிட்டல் யுகத்துக்கான வாட் சீர்திருத்தத்தின்படி, 2030 ஜூலை 1 முதல் எல்லை தாண்டிய வணிக விற்பனைக்கு மின்னணு இன்வாய்ஸ் கட்டாயமாகிறது. மாதாந்தரத் தொகுப்பறிக்கை நீங்கி, ஒவ்வொரு இன்வாய்ஸின் தரவும் தனித்தனியே வரித்துறைக்குப் போகும். மாதக் கடைசியில் கணக்கர் பார்த்துத் திருத்திக்கொள்ளும் இடைவெளி அப்போது பெரும்பாலும் இருக்காது.

அதற்கு முன்பே வேறொரு மாற்றம் வரப்போகிறது. டச்சு வாடிக்கையாளர்களுக்கு மறுநாளே கொடுப்பதற்காக நெதர்லாந்தில் ஒரு கிடங்கில் சரக்கு வைக்கக் கடைக்காரர் பேசிக்கொண்டிருக்கிறார். சொந்தச் சரக்கை ஆகனிலிருந்து அங்கே மாற்றுவதே ஒன்றியத்துக்குள்ளான விநியோகமாகக் கருதப்படும், அதற்குக் கடைக்கே ஒரு நெதர்லாந்து வாட் எண் வேண்டும். அங்கிருந்து பெல்ஜியத்துக்குப் போகும் பார்சலுக்குப் புறப்படும் நாடு நெதர்லாந்து. ஆகனில் உள்ள ஜெர்மன் வாடிக்கையாளருக்கு, செல்லும் ஜெர்மன் எண்ணோடு, அந்தக் கிடங்கிலிருந்து போகும் பம்புக்கு விலக்கு உண்டு. முடிவுப் பதிவின் முதல் புலமாகப் புறப்படும் நாட்டை வைத்திருப்பதால் விதிகளை மாற்ற வேண்டியதில்லை. கிடங்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நெதர்லாந்துப் பதிவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும் என்று மட்டும் வரி ஆலோசகர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.